தொழிலும் சொல்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தீபாவளிக்கு முன்பு பழைய வாடிக்கையாளர்களோடு, கோயில் குழுவிலும் பிள்ளையின் பள்ளிப் பெற்றோர் குழுவிலும் இருந்த எண்களையும் சேர்த்து, ஏறக்குறைய 200 பேருக்கு, ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் மூலம் இப்படி அனுப்பினேன்: “தரமான, சுவையான, சுத்தமான பலகாரங்கள் மலிவு விலையில் கிடைக்கும். ஆர்டருக்கு அணுகவும்.” 9 பேர்தான் பதில் அனுப்பினார்கள், பெற்றோர் ஒருவர் கோபித்துக்கொண்டார். எங்கே தவறினேன்?
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதலில் ஒரு தொழில்நுட்பச் செய்தி. பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக அனுப்புவது, உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே 200 பேரும் படித்துவிட்டு ஒதுக்கினார்கள் என்று மனம் நோக வேண்டாம். பலருக்கு அது கிடைத்தே இருக்காது.

கோபித்துக்கொண்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பள்ளிச் செய்திக்காகக் கொடுத்த எண்ணை விற்பனைக்குப் பயன்படுத்த அவர் சம்மதிக்கவில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2014 ஜனவரி 2 முதல் நடப்பில் இருக்கும், விளம்பரம் வேண்டாம் என்போர் தம் எண்ணைப் பதிந்து வைக்கும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு, தொலைபேசி அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமன்றி, சிங்கப்பூர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் விளம்பரத்துக்கும் பொருந்தும். வீட்டுத் தொழில்தானே என்பதற்காக அது விலகி நிற்பதில்லை. குழுக்களிலிருந்து எடுத்த எண்களை இன்றே நீக்கிவிடுங்கள். இனிப் பலகாரத்தைக் கையில் கொடுக்கும்போதே, “என் எண்ணைச் சேமித்துக்கொள்கிறீர்களா? அடுத்த முறை செய்யும்போது செய்தி அனுப்பலாமா?” என்று கேட்டு, அவர்கள் “சரி” என்று எழுதி அனுப்பும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். அந்த ஒரு சொல் சம்மதத்துக்குச் சான்று. உங்கள் எண்ணும் அவர்களிடம் சேமிக்கப்பட்டுவிடும்.

அடுத்தது வாசகம். தரம், சுவை, சுத்தம் என்று நீங்கள் எழுதிய மூன்றையும் தேக்கா வட்டாரத்தில் எந்தக் கடையும் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும். உங்களுக்கு மட்டுமே தெரிந்தவற்றை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: “அக்கா, போன வருடம் அதிரசம் இரண்டு டப்பா வாங்கினீர்கள். இந்த முறையும் வெல்லப் பாகில்தான் செய்கிறேன்; முட்டை சேர்ப்பதில்லை. 20 அதிரசம் 18 வெள்ளி. புதன்கிழமைக்குள் சொன்னால் சனிக்கிழமை மாலை 5 மணிக்குக் காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கொண்டுவந்து தருகிறேன்.” என்ன பொருள், என்ன விலை, எப்போது, எங்கே என்பவை அனைத்தும் இதில் அடங்கிவிடுவதால், படிப்பவர் “சரி, எனக்கு ஒன்று” என்று உடனே பதில் போட முடியும்; “அணுகவும்” என்று முடித்தாலோ விலையைக் கேட்கும் வேலையை அவர் தலையில் ஏற்றிவிடுகிறோம். முன்பு வாங்கியவர்களுக்கு இப்படித் தனித்தனியாக எழுத ஒரு மாலைப் பொழுது போதும். அறியாதவர்களையும் சேர்த்து 200 பேருக்கு அனுப்புவதைவிட இது பலன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நான் விளம்பர வாசகங்களைத் தமிழில் எழுதியும் மொழிபெயர்த்தும் கொடுக்கும் சுயதொழிலர். எல்லாரும் “சொல்லுக்கு எத்தனை காசு?” என்றே கேட்கிறார்கள். ஒருவர் 600 வெள்ளி வேலையை வாங்கிக்கொண்டு மூன்று மாதமாகப் பணம் தரவில்லை.
– வாசகர், செங்காங்

பதில்: பன்னிரண்டு சொல்லில் அமையும் ஒரு விளம்பர வரிக்கு இரண்டு நாள் யோசிக்க வேண்டியிருக்கும். அதைச் சொல் கணக்கில் விற்றால் நட்டம் உங்களுக்குத்தான். வேலை முழுவதற்கும் ஒரே தொகை சொல்லுங்கள். எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், பாதித் தொகை முன்பணம், மீதி எந்தத் தேதிக்குள் என்பவற்றைத் தொடங்கும் முன்பே எழுதி, மின்னஞ்சலில் ஒப்புதல் பெறுங்கள். நீங்கள் அவரிடம் ஊழியராக இல்லாதவரை, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதியதன் பதிப்புரிமை உங்களுடையது; முழுத் தொகையும் வந்தபின்தான் அது கைமாறும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், தாமதம் செய்பவரிடம் பேசும்போது உங்கள் கை ஓங்கியிருக்கும்.

நிலுவைக்கு வருவோம். கோபத்தைக் காட்டாமல், வேலையை ஒப்படைத்த நாள், தொகை, பணம் வந்து சேர வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்தத் தேதியும் கடந்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரு தரப்பும் எழுத்துபூர்வமாக இணங்கினால் 30,000 வெள்ளி வரையிலானவற்றையும், அது விசாரிக்கும். இணையத்திலேயே மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை என்பதால் அந்தச் செலவும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

புதிய வாடிக்கையாளரைத் தேடும்போது “தமிழில் எழுதித் தருவேன்” என்று சொல்வதோடு நிற்காதீர்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும் பலகைகளையும், இயந்திரம் பெயர்த்துப் பொருள் மாறிப்போன அறிவிப்புகளையும் நம் ஊரில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் துண்டுப் பிரசுரத்தில் அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால், அதைப் பொதுவெளியில் போட்டு அவர்களைக் கூச வைக்காமல், பிழையான வரியையும் திருத்திய வரியையும் அடுத்தடுத்து வைத்து, பொருள் எங்கே மாறுகிறது என்று இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் விளக்கி, பொறுப்பாளருக்குத் தனியே அனுப்புங்கள். அந்தப் பொறுப்பாளர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால், அவருக்கு உங்கள் வேலையின் மதிப்பைக் காட்ட இதைவிட நேரடியான வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: சிராங்கூன் சாலையில் பூக்கடை வைத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கில் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?
– வாசகர், லிட்டில் இந்தியா

பதில்: இரண்டிலும் எழுதுங்கள், ஆனால் ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாக்க வேண்டாம். முகூர்த்த நாளுக்கு மாலை சொல்லி வைக்க வரும் குடும்பத்துக்குத் தமிழில், முழம் கணக்கும் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதும் தெரிய வேண்டும். சீன நண்பரின் கடைத் திறப்புக்கோ அலுவலக விழாவுக்கோ பூ தேடி வருபவருக்கு முழம் என்றால் புரியாது; மாலையின் படம், நீளம் சென்டிமீட்டரில், விலை, கடை திறந்திருக்கும் நேரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் போடுங்கள்.