நாய்ஸ் ராக் வெறும் இரைச்சல்தானா? ஒரே ஒரு ஆல்பம் கேட்பதென்றால் எதைக் கேட்பது?

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. கிட்டாரை அலறவிட்டு மேலே யாரோ கத்துவதில் இசை எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அப்படி ஏதாவது இருந்தால் ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தி ஜீசஸ் லிசர்ட் என்ற சிகாகோ பேண்டின் 'கோட்', அதாவது ஆடு. 1991 பிப்ரவரியில் டச் அண்ட் கோ என்ற தனியார் சிறு லேபிளில், அதாவது இசைத்தட்டு நிறுவனத்தில் வந்தது. ஒன்பது பாட்டு, மொத்தம் சுமார் அரை மணி நேரம்.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு சோனிக் யூத் என்ற நியூயார்க் பேண்டின் 'டேட்ரீம் நேஷன்' என்று பதில் வரும். 1988இல் வந்த அது பெரிய ஆல்பம், எனக்கும் பிடிக்கும். ஆனால் அது எழுபது நிமிடம் ஓடும். அதில் இரைச்சல் மேகம் மாதிரி படர்ந்து கிடக்கும். உங்கள் சந்தேகம் "இதில் ஒழுங்கு எங்கே?" என்பதுதான். அதற்கு நேராகப் பதில் சொல்வது 'கோட்'.

நான் முதல் தடவை கேட்டபோது ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். ட்ரம்ஸ் பக்கத்தில் நின்று அடிப்பது போல இருக்கிறது, பேஸ் நெஞ்சில் இடிக்கிறது, ஆனால் பாடுகிறவன் எங்கோ சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். சத்தத்தைக் கூட்டினேன். மற்ற மூன்றும் பெரிதாயின, குரல் அதே இடத்தில்தான் இருந்தது. ஒரு வார்த்தை கூடப் பிடிபடவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். அடுத்த நாள் வேலைக்கு நடுவே அந்த முதல் பாட்டின் பேஸ் என் தலைக்குள் தானாக ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் திரும்பப் போய் முழுதாகக் கேட்டேன்.

கெட்டுப்போனது என்று நான் நினைத்ததுதான் இந்த ஆல்பத்தின் உயிர் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

பேண்டில் நான்கு பேர். டேவிட் யாவ் பாடுகிறார், டுவேன் டெனிசன் கிட்டார், டேவிட் சிம்ஸ் பேஸ், மேக் மெக்நீலி ட்ரம்ஸ். யாவும் சிம்ஸும் அதற்கு முன் டெக்சஸின் ஆஸ்டின் நகரில் ஸ்கிராட்ச் ஆசிட் என்ற பேண்டில் இருந்தவர்கள். ஜீசஸ் லிசர்ட் தொடங்கியபோது ட்ரம்ஸ் வாசிக்க ஆளே இல்லை. 1989இல் வந்த 'ப்யூர்' என்ற சிறு தட்டில் ட்ரம் மெஷின்தான் ஓடுகிறது. அதையும் 'கோட்'டையும் அடுத்தடுத்துக் கேட்டால் மெக்நீலி வந்து சேர்ந்ததால் என்ன நடந்தது என்று காது சொல்லிவிடும். மெஷின் நேரம் தவறாது, ஆனால் அதற்குக் கனம் கிடையாது. மெக்நீலி அடிக்கும் ஒவ்வொரு அடியும் தரையில் விழுகிறது.

கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் வாசிக்கும் மூன்று பேரும் துளி கூடச் சிதறுவதில்லை. டெனிசன் கிளாசிக்கல் கிட்டார் முறையாகப் படித்தவர். மற்ற நாய்ஸ் ராக் கிட்டார்களில் கேட்கும் அடர்ந்த டிஸ்டார்ஷன், அதாவது ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது, அவரிடம் குறைவு. கழுத்துப் பகுதியை அலுமினியத்தில் செய்த டிராவிஸ் பீன் கிட்டாருக்குப் பேர் போனவர் அவர். அந்தக் கிட்டாரில் ஒலி மரத்தின் கதகதப்பு இல்லாமல் உலோகத்தின் விளிம்போடு வருகிறது. தகரத்தைக் கத்தியால் கோடு கிழிப்பது போல என்று சொல்லலாம், ஆனால் கோடு எப்போதும் நேராக இருக்கும். அவர் பெரும்பாலும் பாட்டை நிரப்புவதில்லை. நிரப்புகிற வேலையை சிம்ஸின் பேஸ் பார்த்துக்கொள்கிறது. பாட்டுக்குப் பாட்டு பேஸ்தான் முன்னே நடக்கிறது, கிட்டார் அதன் மேல் ஊர்ந்து போகிறது. 'மங்கி ட்ரிக்'கைக் கேட்டால் இது தெளிவாகத் தெரியும்.

இப்போது யாவின் குரல். அது பாடுவது இல்லை, முழுக்கக் கத்துவதும் இல்லை. முனகுகிறார், உளறுகிறார், திணறுகிறார், திடீரென்று ஊளையிடுகிறார். மற்ற மூவரும் கட்டிய இறுக்கமான கூண்டுக்குள் ஒரு ஆள் தனியாக அலைந்துகொண்டிருக்கிறான். கூண்டு தளர்ந்தால் அவன் அலைச்சலுக்கு அர்த்தமில்லை. அவன் ஒழுங்காகப் பாடினால் கூண்டுக்கு அர்த்தமில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இரைச்சல் இங்கே ஒரே ஒரு மனிதனிடம் இருக்கிறது, அவனைச் சுற்றி இருப்பதெல்லாம் கணக்கு.

தமிழில் 'இரைதல்' என்ற சொல்லை எனக்கு இந்த ஆல்பத்தோடு சேர்த்தே நினைக்கத் தோன்றும். மழை இரைகிறது என்கிறோம், ஓடி வந்தவனுக்கு மூச்சு இரைக்கிறது என்கிறோம். சத்தத்துக்கும் மூச்சுக்கும் ஒரே வேர். இரண்டாவது பாட்டின் பெயர் 'மவுத் ப்ரீதர்', நேராகச் சொன்னால் வாயால் மூச்சு விடுகிறவன். ஆங்கிலத்தில் அது மந்தமானவனைத் திட்டும் சொல். ஆனால் எனக்கு அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் யாவ் பாடும் விதமே அதுதான் என்று படும். மைக்குக்கு அந்தப் பக்கம் ஒருவனுக்கு மூச்சு இரைக்கிறது. வார்த்தை அப்புறம்தான்.

குரல் ஏன் இவ்வளவு உள்ளே கிடக்கிறது? இதைப் பதிவு செய்தவர் ஸ்டீவ் அல்பீனி. தன்னை புரொட்யூசர் என்று சொல்ல ஒப்பாதவர். 'பதிவு செய்தவர்' என்று போட்டால் போதும் என்பார். விற்பனையில் பங்கு வாங்கமாட்டார். 1993இல் நிர்வாணா என்ற புகழ்பெற்ற அமெரிக்க ராக் பேண்டின் 'இன் யூட்டரோ' ஆல்பத்தைப் பதிவு செய்யப் போகும் முன் அந்தப் பேண்டுக்கு எழுதிய கடிதத்தில், குழாய் வேலை செய்கிறவருக்குக் கொடுப்பது போல வேலைக்குக் கூலி கொடுங்கள், அது போதும் என்று எழுதினார். எத்தனை லட்சம் விற்றாலும் மேற்கொண்டு வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். பேண்டு அறையில் நின்று வாசித்தால் எப்படிக் கேட்குமோ அப்படியே டேப்பில் விழ வேண்டும் என்பது அவர் கொள்கை. ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டுமல்லாமல் தள்ளியும் மைக் வைத்து அறையின் எதிரொலியையும் சேர்த்துப் பிடிப்பார். இந்த ஆல்பத்தில் ட்ரம்ஸைச் சுற்றி காற்று இருப்பது போலத் தோன்றும். அந்த நோக்கில் பார்த்தால் குரலும் நான்காவது வாத்தியம்தான், மற்றவற்றின் தலையில் ஏறி உட்கார அதற்குத் தனி உரிமை கிடையாது.

இதில் பணத்துக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். டச் அண்ட் கோவை நடத்திய கோரி ரஸ்க் பேண்டுகளோடு எழுத்து ஒப்பந்தம் போடாமல் கைகுலுக்கலிலேயே வேலை செய்தவர். செலவு போக மிஞ்சும் லாபத்தில் பேண்டுக்குப் பாதி, லேபிளுக்குப் பாதி. ரேடியோவில் வர வேண்டும், அதற்குக் குரலை மேலே ஏற்று என்று கேட்க அங்கே யாரும் இல்லை. வேனில் ஏறி ஊர் ஊராகப் போய் வாசிப்பது, கல்லூரி ரேடியோ, ரசிகர்கள் நகலெடுத்து விநியோகித்த சிற்றிதழ்கள், தபாலில் தட்டு வாங்குவது என்று அந்த உலகம் ஓடியது. டச் அண்ட் கோவே முதலில் மிச்சிகனில் அப்படி ஒரு சிற்றிதழாகத் தொடங்கியதுதான். 1995இல் இந்த பேண்டு கேபிடல் என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனது. அல்பீனி இல்லாமல் 1996இல் 'ஷாட்' வந்தது. அதில் குரல் முன்னால் வந்துவிட்டது. மோசமான ஆல்பம் இல்லை, ஆனால் எனக்குச் சுவர் காணாமல் போய்விட்டது.

பாட்டுகளைப் பற்றி வரிசையாகச் சொல்லப் போவதில்லை. ஒன்றைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்.

நான்காவது பாட்டு 'சீசிக்'. கடல் பயணத்தில் வரும் குமட்டல். பாடுகிறவன் தண்ணீரில் இருக்கிறான், தனக்கு நீச்சல் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். கதை அவ்வளவுதான். அவனைச் சுற்றி பேஸும் ட்ரம்ஸும் அலை மாதிரி எழுந்து எழுந்து விழுகின்றன. ஒரு முறை கூடத் தாமதமாக வருவதில்லை. அலைக்கு அவன் மேல் கோபம் இல்லை, அது தன் கணக்கில் வருகிறது. குரல் ஏன் மிக்ஸில் மூழ்கிக் கிடக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு இந்தப் பாட்டில்தான் பதில் கிடைத்தது. அவன் நிஜமாகவே மூழ்கிக்கொண்டிருக்கிறான். குரலைத் தூக்கி மேலே வைத்திருந்தால் அவன் காப்பாற்றப்பட்டிருப்பான், பாட்டு பொய்யாகியிருக்கும்.

ஒரு வருடம் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. காரணம் இங்கே தேவையில்லை, வீட்டில் ஒரு இழப்பு. இனிமையான பாட்டு எதைப் போட்டாலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. எல்லாம் ஆறுதல் சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்போது இரவில் ஹெட்போனில் இந்த ஆல்பத்தைப் போடுவேன். அது எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஒருவன் உள்ளே தத்தளிக்கிறான், வெளியே தாளம் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறது. என் நிலைமையும் அப்படியே இருந்தது, அதை யாரோ முன்பே சரியாகக் கேட்டு வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அரை மணி நேரம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. சில இரவுகளில் மூன்றாவது சுற்றில் தூங்கியிருக்கிறேன்.

வரிகள் புரியாதது தடையா என்றால், எனக்கு இல்லை. பின்னால் வரிகளைத் தேடிப் படித்தேன். சிறை, அடிதடி, ஊனம், அசிங்கம் என்று கரடுமுரடான உலகம். 'கார்பிஸ்' என்ற பாட்டின் பெயர் 1930களின் அமெரிக்கக் கொள்ளைக்காரர் ஆல்வின் கார்பிஸை நினைவூட்டுவது. அல்காட்ராஸ் சிறையில் அவர் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கிடந்தவர். சில பாட்டுகளின் உள்ளடக்கம் உங்களைச் சங்கடப்படுத்தலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் படித்த பிறகு பாட்டு பெரிதாக மாறிவிடவில்லை. அடுத்த அறையில் யாரோ சண்டை போடும்போது வார்த்தை கேட்காவிட்டாலும் யார் அழப்போகிறார்கள் என்று தெரிந்துவிடும் இல்லையா, அந்த மாதிரி.

கேட்கும் முறை ஒன்று சொல்கிறேன், எனக்கு உதவியது. முதல் தடவை குரலைத் தேடாதீர்கள். ட்ரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை பேஸ். 'நப்' என்ற பாட்டு வரும்போது டெனிசன் ஸ்லைடு என்ற விரலில் மாட்டும் குழாயை வைத்துக் கம்பிகளின் மேல் இழுப்பதைக் கேளுங்கள். பழைய ப்ளூஸ் எங்கிருந்தோ வந்து முறுக்கிக்கொண்டது போல இருக்கும். குரல் மூன்றாம் தடவை தானாக வந்து சேரும். மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அதில் பேஸ் போய்விடும், பேஸ் போனால் நீங்கள் சொன்ன இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும்.

பிடித்துவிட்டால் அடுத்து 1992இல் வந்த 'லையர்'. அந்த ஆல்பத்தின் 'புஸ்' என்ற பாட்டு 1993இல் நிர்வாணாவோடு பகிர்ந்துகொண்ட தட்டில் ஒரு பக்கமாக வந்தது. பிரிட்டன் பட்டியலில் அந்தத் தட்டு 12ஆம் இடம் வரை ஏறியது. இந்தப் பேண்டை நிறையப் பேர் முதலில் கேட்டது அதில்தான். 1999இல் பிரிந்தார்கள், பிறகு மேடைக்காக மட்டும் சேர்ந்தார்கள், 2024 செப்டம்பரில் அதே நான்கு பேரும் 'ரேக்' (Rack) என்ற புது ஆல்பம் போட்டார்கள். பழைய ஆல்பங்களைப் போல இதற்கும் ஆங்கிலத்தில் நான்கே எழுத்தில் பெயர். அல்பீனி அதே வருடம் மே மாதம் 61 வயதில் மாரடைப்பில் இறந்துவிட்டார். செய்தி வந்த இரவு நான் 'கோட்'டைத்தான் போட்டேன். கடைசிப் பாட்டு 'ரோடியோ இன் ஜோலியட்' மெதுவானது, இழுத்து இழுத்து நடப்பது. அவர் அறையில் எங்கே மைக் வைத்திருப்பார் என்று யோசித்தபடியே அதை முடியும்வரை கேட்டேன்.