எழுத்துத் தேர்வு வைக்காமல் மாணவர்களை மதிப்பிட வேறு வழி உண்டா?

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்று நினைக்கிறேன். நாலைந்து வருடம் ஆகியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, அலுத்துப் போயிருக்கும்.

வழி உண்டு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறை வந்தபோதே எட்டாம் வகுப்பு வரை 100க்கு 40 மதிப்பெண்ணை வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே பார்த்துப் போடும் மதிப்பெண்ணுக்கு, ஒதுக்கினார்கள். 20 செயல்பாட்டுக்கு, 20 சிறு தேர்வுக்கு. நடந்தது என்ன? பிள்ளைகள் கடையில் படம் வாங்கிச் சார்ட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். பாதிச் சார்ட்டில் அம்மாவின் கையெழுத்து. நானும் 18, 19 என்று அள்ளிப் போட்டவள்தான்.

அப்புறம் சார்ட்டை நிறுத்தினேன். எட்டாம் வகுப்பில் அமிலம், காரம் பாடம். மஞ்சள் தடவிக் காயவைத்த தாளில் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொன்னேன். சோதிக்கும் முன்பே தாள் நிறம் மாறுமா, ஏன் என்று சொல்ல வேண்டும். காரணத்துக்குத்தான் மதிப்பெண். சொன்னது தப்பிப் போனாலும், எங்கே தப்பியது என்று சொன்னால் உண்டு. சோப்பு, புளி, எலுமிச்சை எல்லாம் வந்தன. ஒரு பெண் வெற்றிலைச் சுண்ணாம்பு கொண்டுவந்தாள். 'நிறங்காட்டி என்றால் என்ன?' என்ற கேள்விக்குத் தேர்வில் வெறும் இடம் விட்டவள். அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பொருள்தான் நிறங்காட்டி, இந்த மஞ்சளைப் போல. "செவப்பாயிடும் டீச்சர். ஆரத்தித் தண்ணி அப்படித்தானே செவக்குது" என்றாள். சரி, அந்தத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால்? கொஞ்சம் யோசித்துவிட்டு, "மறுபடி மஞ்சளாயிடும்." கரைத்துப் பிழிந்து பார்த்தோம். ஆனது.

'இவள் பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எழுத வேண்டாமா?' என்று கிளம்பி வருவீர்கள், தெரியும். எழுத்துத் தேர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுதவும் பழக்கினேன், அது தனிப் பாடு. 40 பேரைக் கேட்டு முடிக்க நான்கு பாடவேளை போனது என்பதையும் மறைக்கவில்லை. ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாளைக்குப் பத்துப் பேர் போதும்.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல். அந்தப் பருவத்தில் ஆய்வுக்கு வந்த அதிகாரி பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சார்ட் எங்கே?" என்றார். மஞ்சள் தாள்களைப் பதிவேட்டில் ஒட்டி வைத்திருந்தேன். புரட்டிவிட்டு, "என்னம்மா, குழம்பு கொட்டிடுச்சா?" என்கிறார். அன்று அவருக்கு வாங்கிய டீ, வடை என் கைக்காசு. தலைமையாசிரியர் அப்புறம் தருகிறேன் என்றார், இன்னும் தரவில்லை.