நோகுதா மகள்?

அன்பின் அண்ணன்,

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு 14 வயது. ஏழு மாதமாக வயிற்றுக்குத்து. இரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார்கள். கிழமைக்கு இரண்டு நாள்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய அப்பா கட்டாரில். மாமி 'நடிக்கிறாள்' என்கிறா. கண்ணூறும் கழித்தாயிற்று. காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை 'நோகுதா மகள்' என்று கேட்டபடியே இருக்கிறேன். கொழும்புக்குக் கொண்டுபோய் இன்னொரு ஸ்கேன் எடுக்கவா?

ஒரு தாய்

அன்பின் தங்கச்சி,

மாமி சொன்னதைத் தள்ளி வையுங்கள். நோ மூன்று மாதத்தைத் தாண்டினால், காயம் எதுவும் இல்லாமலே நரம்பும் மூளையும் அதைப் பெருக்கிக் காட்டக்கூடும். பயமும் நித்திரைக் குறைவும் அதற்குத் துணை. பிள்ளைக்கு மெய்யாகவே நோகிறது. கண்ணூறு கழித்ததில் குற்றமில்லை, நாலு மிளகாய்தானே செலவு.

'நோகுதா மகள்' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

1990இல் வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. எனக்கு அப்போது 12 வயது. மறுகா எனக்கும் வயிற்றுக்குத்து தொடங்கியது. அம்மா கேட்பா. கேட்டவுடன், எங்கோ கிடந்த நோ எழும்பி வந்து உட்காரும். ஒருநாள் 'இல்லை அம்மா' என்றேன். அன்று முழுக்க அவ படலையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. அடுத்த நாள் எனக்கு மறுபடி நொந்தது.

குருமண்வெளித் துறை கடந்து மண்டூரில் அம்மம்மா வீடு. அங்கே கையில் அத்தாங்கு வலையைத் தந்து வாவிக்கு விரட்டிவிடுவா. 'எத்தனை இறால்டா?' என்பதுதான் அவவின் ஒரே கேள்வி.

2006இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து, சில பெற்றோரை அந்த அவதியைப் பற்றியே பேசவும் சிலரை வேறு கதை பேசவும் சொன்னார்கள். எதுவும் சொல்லாமல் விட்டவர்களோடு ஒப்பிட்டால், முதல் பகுதியில் பிள்ளைகளின் முறைப்பாடு கிட்டத்தட்ட இரட்டித்தது, இரண்டாவதில் பாதியானது. ஆனால் வயிற்றுநோ உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கெடுதலென்று பயந்தது என்னவோ அந்த வேறு கதைக்குத்தான்!

ஆகவே கேட்காதீர்கள். வாயால் மட்டுமல்ல, கண்ணாலும். சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப்பார்த்துப் பெருமூச்சு விடுவதும் அதே கேள்விதான். கட்டாரிலிருந்து போன் வந்தால் அவரும் முதலில் இதைத்தானே கேட்கிறார்? நிறுத்தச் சொல்லுங்கள். நோ இல்லாத நாளிலும் தன்னோடு பேச அப்பாவுக்குக் கதை இருக்கிறது என்று பிள்ளை அறியவேண்டாமா? அவளாகச் சொன்னால் கேளுங்கள், நம்புங்கள், அப்புறம் கதையை மாற்றுங்கள்.

நோ போகட்டும், பள்ளிக்கு அனுப்பலாம் என்று காத்திருந்தால் இரண்டும் நடக்காது. நாளைக்கே இரண்டு பாடம் இருந்துவிட்டு வரட்டும். வகுப்பில் யாரும் தொல்லை கொடுக்கிறார்களா என்றும் விசாரியுங்கள்.

ஸ்கேனா? மெலிகிறாள், காய்ச்சல் வருகிறது, மலத்தில் இரத்தம், நித்திரையிலிருந்து நோ எழுப்புகிறது என்றால் உடனே வைத்தியரிடம் ஓடுங்கள். இல்லையென்றால் கொழும்பு பஸ் காசை மிச்சம் பிடித்து, ஒரு பின்னேரம் அவளை வாவிக்கரைக்குக் கூட்டிப்போங்கள். 'நோகுதா' என்று வாயில் வந்தால், இறால் என்ன விலை என்று கேட்டுவையுங்கள்.