ரெகவரி என்றால் மீட்பு மட்டும்தானா?

‘ரெகவரி’க்கு மீட்பு என்று எழுதுவதா, மீட்சி என்று எழுதுவதா?
– பள்ளி ஆசிரியை, கரூர்

இரண்டும் சரிதான், இடம்தான் வேறு. தானே திரும்பி வந்தால் மீள்வது, இன்னொருவர் திரும்பக் கொண்டுவந்தால் மீட்பது. ‘மீண்டான்’, ‘மீட்டான்’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதுக்கே தெரியும். சரிந்த பொருளாதாரம் எழுந்தால் மீட்சி. அடகு வைத்த நகை வீட்டுக்கு வந்தால் மீட்பு, நகை தானாக நடந்து வராதே! (பேச்சில் ‘திருப்புவது’ என்போம், சில ஊர்களில் ‘மூட்டுவது’.) யார், எதைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் நான் எந்த ரெகவரியையும் தமிழாக்க உட்காருவேன். பல இடங்களில் இந்த இரண்டு சொல்லுமே வேண்டியிருக்காது.

ஒரு மருத்துவமனையில் ‘மீட்பு அறை’ என்று பலகை பார்த்தேன். சரியா?
– வாசகர், திருச்சி

தீயணைப்பு வண்டி நிற்கும் இடம் போல இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்ததும் படுக்கவைக்கும் அறை என்றால் ‘மயக்கம் தெளியும் அறை’ என்று எழுதலாம். நோய் விஷயத்தில் குணமாவது, தேறுவது என்று நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன.

குடிப்பழக்கத்துக்கு மட்டும் இவை பொருந்தாது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், குடியை விட்டுப் பல வருடம் ஆனவர்கூட ‘குணமாகிவிட்டேன்’ என்று சொல்லத் தயங்குவார். ‘மீண்டுவருகிறேன்’ என்று நிகழ்காலத்தில் எழுதுங்கள்.

கரும்பு ஆலைக்காரர்கள் சொல்லும் ரெகவரி என்ன?
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

இதில் நான் சூடுபட்டவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், விவசாயிகளுக்கான துண்டறிக்கை ஒன்றில் ‘சர்க்கரை மீட்பு விகிதம்’ என்று எழுதிவைத்தேன். கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “ஏன் சார், சர்க்கரை எங்கயாவது தொலைஞ்சு போச்சா?” என்றார். அப்புறம் அவரே சொல்லிக்கொடுத்தார்: ‘கட்டுமானம்’. பிழிதிறன் என்றும் சொல்வதுண்டு.

நூறு கிலோ கரும்பு அரைத்தால் எத்தனை கிலோ சர்க்கரை கிடைக்கிறது என்பதே கணக்கு. விவசாயியின் பணம் இதில்தான் இருக்கிறது. 2024-25 பருவத்துக்கு ஒன்றிய அரசு வைத்த விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்கு குவிண்டாலுக்கு 340 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 0.1 சதவீதத்துக்கும் 3.32 ரூபாய் கூடும். 9.5-க்குக் கீழே போனால் 315.10 ரூபாய்தான். கட்டிங் ஆர்டர் (கரும்பை வெட்ட ஆலை தரும் அனுமதி) தாமதமாகி, வெட்டிய கரும்பும் வண்டியிலேயே இரண்டு நாள் காய்ந்தால் கட்டுமானம் இறங்கிவிடும். ஆலை வாசலில் டிராக்டர் வரிசை நீளும்போது விவசாயிக்கு வரும் கோபத்துக்கு அதுதான் காரணம்.

‘கடன் மீட்பு தீர்ப்பாயம்’ நம்மைக் கடனிலிருந்து மீட்குமா?
– சிறுதொழில் செய்பவர், ஈரோடு

மீட்காது. வங்கிக்கு உங்களிடமிருந்து பணத்தை மீட்டுக் கொடுக்கும்! 1993ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அமைப்பு, இப்போது 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத கடன்கள் அங்கே போகும். ‘கடன் வசூல் தீர்ப்பாயம்’ என்றும் எழுதுகிறார்கள். என் ஓட்டு அதற்குத்தான், யார் பக்கம் என்பது பெயரிலேயே தெரிகிறது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லியிருக்கிறது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டில் வரும் ரெகவரி, வெறும் ‘பிடித்தம்’.

‘சடலமாக மீட்பு’ என்று செய்தியில் படிக்கும்போது மனசு கேட்கவில்லை.
– வாசகி, நாகர்கோவில்

எனக்கும்தான். ஆங்கிலத்தில் உயிரைக் காப்பதற்கு ஒரு சொல் (ரெஸ்க்யூ), உடலை எடுப்பதற்கு இன்னொரு சொல் (ரெகவரி). நாம் இரண்டையும் மீட்பில் போட்டுவிட்டதால் ‘உயிருடன்’, ‘சடலமாக’ என்று ஒட்டவேண்டியிருக்கிறது. 2023 நவம்பரில் உத்தராகண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் சிக்கிய 41 தொழிலாளர்களும் 17ஆம் நாள் வெளியே வந்தார்களே, அது மீட்பு. கிணற்றிலிருந்து எடுத்ததை ‘உடல் எடுக்கப்பட்டது’ என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

போலீஸ் ரெகவரி?
– சட்ட மாணவர், மதுரை

பறிகொடுத்தவரின் பொருள் கிடைத்தால் மீட்பு, குற்றத்துக்குப் பயன்பட்ட கத்தி கிடைத்தால் ‘கைப்பற்றுதல்’. கைதானவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அவர் சொன்னதில் அதைக் கண்டுபிடிக்க உதவிய பகுதி மட்டும் நீதிமன்றத்தில் செல்லும். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 27ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டது.

கேமரா கார்டில் கல்யாணப் படங்கள் டெலிட் ஆகிவிட்டன. ரெகவரி முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

சொல் கேட்கவில்லை, உதவி கேட்கிறீர்கள், சரி. டெலிட் செய்ததும் பெரும்பாலும் படம் உடனே அழிவதில்லை. ‘இந்த இடம் காலி’ என்ற குறிப்பு மட்டும் விழுகிறது. அந்த இடத்தில் புதிய படம் எழுதப்படும்வரை பழையது கிடைக்க வாய்ப்புண்டு. எனவே கார்டை உடனே கழற்றித் தரவு மீட்பு தெரிந்தவரிடம் கொடுங்கள். அதுவரை அதில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.