13 வண்டிகள் செய்த கம்பெனி: டுரியே பற்றிய கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அமெரிக்காவில் முதல் கார் செய்தவர் ஃபோர்டு என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

பதில்: இல்லைங்க. ஃபோர்டு தன் முதல் வண்டியை டெட்ராய்ட்டில் ஓட்டிப் பார்த்தது 1896 ஜூனில். மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் சார்லஸ், ஃபிராங்க் என்ற டுரியே சகோதரர்களின் பெட்ரோல் வண்டி 1893 செப்டம்பரிலேயே தெருவில் ஓடிவிட்டது. பழைய குதிரை வண்டி ஒன்றை 70 டாலருக்கு வாங்கி, அதில் ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். இருவரும் சைக்கிள் தொழிலிலிருந்து வந்தவர்கள். ஆனால் 'முதல்' என்ற பட்டத்துக்காக நான் வாதாடுவதில்லை. ஜெர்மனியில் பென்ஸ் 1886-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். டுரியேவின் பெருமை வேறு.

கேள்வி: அந்தப் பெருமை என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள் சார்.

பதில்: 1896-ல் ஒரே வடிவமைப்பில் 13 வண்டிகள் செய்து விற்றார்கள். அமெரிக்காவில் அதுவரை அவரவர் பட்டறையில் ஒற்றை வண்டி செய்து, ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே வண்டியைத் திரும்பத் திரும்பச் செய்து விற்பதுதான் கார் தொழில். அங்கே அது இந்தச் சின்னக் கம்பெனியில்தான் தொடங்கியது. அந்த வண்டியில் ஸ்டீயரிங் வட்டம் கிடையாது, ஒரு கம்பிதான். பக்கவாட்டில் தள்ளினால் வண்டி திரும்பும், மேலும் கீழும் அசைத்தால் கியர் மாறும்.

கேள்வி: சிகாகோ பந்தயத்தில் ஜெயித்தார்களாமே? எதிராளிகள் யார்?

பதில்: 1895 நவம்பர் 28, டைம்ஸ்-ஹெரால்ட் பத்திரிகை நடத்திய பந்தயம். எனக்கு ரொம்பப் பிடித்த கதை. முந்தின நாள்களில் கொட்டிய பனி, சாலையெல்லாம் சேறு. ஜாக்சன் பார்க்கிலிருந்து எவன்ஸ்டன் போய்த் திரும்ப வேண்டும், கிட்டத்தட்ட 87 கிலோமீட்டர். பேர் கொடுத்தவர்கள் ஏராளம், கிளம்பியது ஆறே வண்டி: மூன்று பென்ஸ், இரண்டு மின்சார வண்டி, ஒரு டுரியே. ஓட்டியவர் தம்பி ஃபிராங்க். வழியில் வண்டியின் முன் சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கை முறிந்துவிட்டது. அவர் ஒரு கொல்லுப்பட்டறையைக் கண்டுபிடித்து, இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். அதற்கே ஒரு மணி நேரம் போய்விட்டது. காலை ஒன்பது மணிவாக்கில் புறப்பட்டவர் இரவு ஏழு மணிக்கு மேல்தான் வந்து சேர்ந்தார், அப்படியும் முதலிடம். பிறகு ஒரு பென்ஸ் மட்டும் வந்தது. அதை ஓட்டியவர் குளிரில் மயங்கிவிட, கூட உட்கார்ந்திருந்த நடுவர் சார்லஸ் கிங் ஓட்டி முடித்தார். மற்ற நாலும் வழியிலேயே நின்றுவிட்டன. பரிசு 2,000 டாலர். சரியான நேரத்தில் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஜெயித்த பந்தயம் அது.

கேள்வி: இவ்வளவு பெயர் வாங்கிய கம்பெனி ஏன் படுத்துவிட்டது?

பதில்: அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகவில்லை. 1898-க்குள் கதை முடிந்துவிட்டது. முதல் வண்டி உருவான காலத்தில், 1892-லேயே சார்லஸ் இல்லினாய் மாநிலத்துப் பியோரியாவுக்குப் போய்விட்டார். ஸ்பிரிங்ஃபீல்டு பட்டறையில் இருந்தது ஃபிராங்க். அண்ணன் வகுத்த எஞ்சின் சரிவராமல், தம்பிதான் அதை மாற்றி அமைத்து ஓடவைத்தார். ஆனால் பின்னாளில் சார்லஸ், தம்பி சம்பளத்துக்கு வேலை பார்த்த மெக்கானிக் என்கிற மாதிரியே பேசிவந்தார். 1938-ல் சார்லஸ் இறந்த பிறகும் சர்ச்சை ஓயவில்லை. யோசனையைத் தொடங்கிவைத்ததும் பணம் போட ஆள் பிடித்ததும் அண்ணன், அதை மறுக்கக் கூடாது. ஆனால் பனியில் ஓட்டியவரும் இரும்பு அடித்தவரும் தம்பி. என் கட்சி தம்பி பக்கம்தான்.

கேள்வி: பிறகு இருவரும் என்ன ஆனார்கள்?

பதில்: சார்லஸ் பென்சில்வேனியாவின் ரெடிங்கில் மூன்று சக்கர வண்டிகள் செய்தார், பெரிதாக எடுபடவில்லை. ஃபிராங்க், துப்பாக்கி செய்யும் ஸ்டீவன்ஸ் கம்பெனியோடு சேர்ந்தார். ஸ்டீவன்ஸ்-டுரியே என்ற விலை உயர்ந்த கார் அப்படித்தான் வந்தது. அவர் 97 வயதுவரை வாழ்ந்து 1967-ல் காலமானார்.

கேள்வி: அக்கா அமெரிக்காவில் இருக்கிறாள். அந்த வண்டிகளை இப்போதும் பார்க்க முடியுமா அண்ணா?

பதில்: 1893 வண்டி வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. 13-ல் மிஞ்சிய ஒன்றே ஒன்று மிச்சிகன் மாநிலத்து டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில். இப்போது காட்சியில் வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஒன்றுதான் முடியும் என்றால் டியர்பார்ன் வண்டியையே பார்க்கச் சொல்வேன்.