ரோஸ்லின் தீட்டிய இசபெலா சார்தோரிஸ்காவின் ஓவியம் ஏன் ரொக்கோகோ எனப்படுகிறது?

1774-இல் அலெக்சாண்டர் ரோஸ்லின் தீட்டிய போலந்து இளவரசி இசபெலா சார்தோரிஸ்காவின் உருவப்படம் ஏன் ரொக்கோகோ பாணியில் சேர்க்கப்படுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்வீடனில் பிறந்து பாரிஸில் பெயர்பெற்ற ரோஸ்லின், பட்டின் மடிப்புகளில் ஒளி வழுக்கிச் செல்வதையும் லேஸ் பின்னலின் மென்மையையும் தூரிகைத் தடம் தெரியாத வழவழப்போடு காட்டுவதில் தேர்ந்தவர். கனத்த நிழல்களால் அதிகாரத்தை உணர்த்திய, அதற்கு முந்தைய ஐரோப்பியக் கலைப்பாணியான பரோக்கிலிருந்து விலகி, வெளிர் நிறங்களாலும் இதமான முகபாவத்தாலும் நளினத்தையே உயர்குடிப் பெருமையாக முன்வைப்பதுதான் ரொக்கோகோ. அப்போது இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த இசபெலா, 1801-இல் புவாவியில் போலந்தின் முதல் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார் என்பதை அறிந்து பார்க்கும்போது, அந்த முகம் எனக்கு வெறும் அலங்காரமாகத் தெரிவதில்லை. லியொனார்டோ டா வின்சியின் 'எர்மின் ஏந்திய பெண்' (எர்மின் என்பது கீரியைப் போன்ற சிறு வெண்ணிற விலங்கு) ஓவியம் போலந்துக்கு வந்ததும் இசபெலாவின் மகன் இத்தாலியில் அதை வாங்கியதால்தான்.