பில் எப்போது வரும்? டெண்டர் போடும் முன்பே கணிக்கும் வழி

கேள்வி: தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பகுதியில் ஊராட்சி ஒன்றியப் பணிகளை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்ததாரர் நான். சிமென்ட் சாலை, வடிகால், சிறுபாலம் என ரூ.10 லட்சம் முதல் ரூ.40 லட்சம் வரையிலான வேலைகளைச் செய்து வருகிறேன். இப்போது பல சாலைகளை ஒரே பேக்கேஜாகச் சேர்த்து டெண்டர் விடுகிறார்கள். சில வேலைகளுக்கு ஒரே மாதத்தில் பில் வருகிறது. சிலவற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பெரிய மதிப்பிலான வேலைகளை எடுக்க உதவும் மேல் வகுப்பு ஒப்பந்ததாரர் பதிவுக்குப் போகலாமா, அல்லது தேசிய நெடுஞ்சாலைப் பணி எடுத்திருக்கும் பெரிய நிறுவனத்திடம் சப்-கான்ட்ராக்ட் செய்யலாமா?

பதில்: பதிவு வகுப்பைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன், டெண்டர் அறிவிப்பில் நீங்கள் முதலில் எதைப் பார்க்கிறீர்கள் என்பதை மாற்றிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான ஒப்பந்ததாரர்கள் மதிப்பீட்டுத் தொகையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் நிதித் தலைப்பை, அதாவது எந்தத் திட்டத்தின் பணத்தில் வேலை நடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். ஒரே ஊரில், ஒரே அளவில், ஒரே தரத்தில் போடப்படும் இரண்டு சாலைகளில் ஒன்றுக்கு உடனே பணம் கிடைப்பதும் மற்றொன்றுக்குக் கிடைக்காததும் பொறியாளரின் மனநிலையைப் பொறுத்ததல்ல. அந்தப் பணம் யாருடையது, எந்த நிபந்தனையின் பேரில் வருகிறது என்பதைப் பொறுத்தது.

மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி ஊராட்சிகளுக்கு வரும் மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் 2026 வரையிலான 15-ஆவது நிதிக்குழுக் காலத்தில் இம்மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. எஞ்சிய 40 சதவீதத்தில்தான் சாலை போன்ற பணிகளுக்கு இடம் இருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் பொறுப்பில் இருக்கும் உள்ளாட்சிகளுக்கே மானியம் என்பது அதன் அடிப்படை நிபந்தனை. தருமபுரி, கிருஷ்ணகிரி உட்பட 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. இந்தத் தலைப்பில் எடுத்த வேலைகளின் பில் உங்களிடம் தேங்கியிருந்தால், அதற்கான காரணத்தை ஒன்றிய அலுவலகத்துக்குள் மட்டும் தேடிப் பயனில்லை. 2026 ஏப்ரல் முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம் என்பதால், பழைய தலைப்பில் முடிக்கப்படாத பில்கள் எதுவும் உங்கள் கையில் இருந்தால் அவற்றின் அளவுப் பதிவு (முடித்த வேலையை அளந்து எழுதும் பதிவு) முழுமையாக உள்ளதா என்பதை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மத்தியப் பங்குள்ள திட்டங்களின் நிலை வேறு. பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40 சதவீதம். வீடுகளுக்குக் குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு இது சரிபாதி. முன்பு இத்தகைய பணம் திட்டத்துக்கென உள்ள வங்கிக் கணக்கில் வந்து காத்திருக்கும். இப்போது எஸ்.என்.ஏ.-ஸ்பர்ஷ் என்ற முறையில், பில் சமர்ப்பிக்கப்பட்ட பின்னரே இரு பங்குகளும் சேர்த்து விடுவிக்கப்படுகின்றன. ஒரு பங்கு தாமதித்தால் மற்றதும் நிற்கும். ஜல் ஜீவன் திட்டக் காலம் 2028 வரை நீட்டிக்கப்படுவதாக 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தபோதும், மத்திய நிதி விடுவிப்பு தடைப்பட்டதால் பல மாநிலங்களில் குழாய் பதித்தவர்களின் பில்கள் தேங்கின. கிராமச் சாலைத் திட்டத்தில் இன்னொன்றையும் பலர் கணக்கில் எடுப்பதில்லை: சாலையை முடித்த பின் ஐந்து ஆண்டுகள் அதைப் பராமரிப்பதும் அதே ஒப்பந்ததாரரின் பொறுப்பு. அரூர், பென்னாகரம் பக்கத்து மலைச்சாலைகளில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓரங்கள் அரித்துப் போகும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

மாநிலத்தின் சொந்த நிதியில் நடக்கும் பணிகளில், 2023-இல் அறிவிக்கப்பட்ட முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் குறிப்பிடத்தக்கது. இரண்டு ஆண்டுகளில் 10,000 கிலோமீட்டர், ரூ.4,000 கோடி என்பது அதன் இலக்காக இருந்தது. இதைத் தவிர, மாநிலங்களின் மூலதனச் செலவுக்காக மத்திய அரசு தரும் 50 ஆண்டு வட்டியில்லாக் கடன் 2020-21-இல் ரூ.12,000 கோடியாகத் தொடங்கி 2025-26 பட்ஜெட்டில் ரூ.1.5 லட்சம் கோடியாக உயர்ந்தது. அந்தந்த நிதியாண்டுக்குள் செலவிட வேண்டிய பணம் என்பதால், இதில் வேலையை முடிக்கும் நெருக்கடி அதிகம் இருந்தாலும் பட்டுவாடா ஒப்பீட்டளவில் ஒழுங்காக நடக்கும் என்பது என் மதிப்பீடு. கிருஷ்ணகிரி பக்கம் வேலை எடுப்பவராக இருந்தால், கிரானைட் குவாரிகளிலிருந்து பணம் சேரும் மாவட்டக் கனிம அறக்கட்டளையையும் கவனியுங்கள். 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி இந்நிதியில் குறைந்தது 70 சதவீதம் குடிநீர், மருத்துவம், கல்வி போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குச் செல்ல வேண்டும். எனவே இதில் சாலையைவிட வகுப்பறைக் கட்டடத்துக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் வாய்ப்பு அதிகம். பணம் மாவட்டத்திலேயே இருப்பதால் தலைநகரங்களை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இனி விலைப்புள்ளி. ஜி.எஸ்.டி. நீங்கலாக ரூ.40 லட்சத்துக்கு ஒரு வேலை எடுத்ததாக வைத்துக்கொள்வோம். தனிநபர் என்றால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம், ரூ.40,000, ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், ரூ.80,000, கட்டுமானத் தொழிலாளர் நல நிதி 1 சதவீதம், ரூ.40,000, ஒப்பந்தத்தில் 5 சதவீதம் நிறுத்திவைப்பு (பின்னர் தருவதாகப் பிடித்து வைக்கும் தொகை) என்று இருந்தால் ரூ.2 லட்சம். ஆக ரூ.3.6 லட்சம் கைக்கு வராது. இவற்றில் முதல் இரண்டும் உங்கள் வரிக்கணக்கில் வரவாகும், நிறுத்திவைப்பும் பின்னர் திரும்பும். நல நிதி மட்டுமே உண்மையான செலவு. ஆனால் வேலைக்காக ரூ.30 லட்சத்தை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியில் வாங்கியிருந்தால் மாதம் ரூ.45,000 வட்டி, பில் ஐந்து மாதம் தாமதித்தால் ரூ.2.25 லட்சம், அதாவது ஒப்பந்தத் தொகையில் ஐந்தரை சதவீதத்துக்கும் மேல். மதிப்பீட்டைவிட ஐந்து சதவீதம் குறைத்துப் போட்டு வேலையைப் பிடிப்பவர் இந்த வட்டிச் செலவிலேயே லாபத்தை இழந்துவிடுகிறார். மிகவும் குறைத்துப் போட்டால் கூடுதல் பிணைத்தொகையும் கேட்பார்கள். அதற்கும் வட்டி உண்டு.

ஜி.எஸ்.டி.யிலும் கவனம் தேவை. அரசுக்கான ஒப்பந்தப் பணிகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்துக்குப் பதில் 18 சதவீதம் வரி. சிமென்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது நல்லதுதான் என்றாலும், ஜல்லிக்கு 5 சதவீதம்தான் உள்ளீட்டு வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது), கூலிக்கு எதுவும் இல்லை. ஆகவே ஜல்லியும் கூலியும் மிகுந்த வேலைகளில் வரியின் பெரும்பகுதியைப் பணமாகவே கட்ட வேண்டிவரும். ஜல்லி, எம்-சாண்ட் விலை 2025 ஏப்ரலில் கனிம நிலவரி நடைமுறைக்கு வந்தபோது எப்படி மாறியது, கிரஷர்கள் எப்படி மூடிக் கிடந்தன என்பது நினைவிருக்கும். குறுகிய கால வேலைகளில் விலை மாற்றத்துக்கான பிரிவு பெரும்பாலும் இருக்காது என்பதால், கிரஷரிடம் எழுத்துப்பூர்வமாக விலை வாங்காமல் டெண்டர் போடாதீர்கள்.

மேல் வகுப்புப் பதிவைப் பொறுத்தவரை, செய்துகொள்ளலாம். ஆனால் பேக்கேஜ் டெண்டர்களில் பதிவைவிட ஏலத்திறன் கணக்கீடுதான் வடிகட்டும். கடந்த ஆண்டுகளில் நீங்கள் செய்த அதிகபட்ச வேலை மதிப்பைப் பெருக்கி, கையில் உள்ள முடியாத வேலைகளின் மதிப்பை அதிலிருந்து கழிப்பார்கள். ஆகவே இழுத்துக்கொண்டு கிடக்கும் ஒரு பழைய வேலை உங்கள் அடுத்த வாய்ப்பையும் குறைக்கிறது. முதலில் அவற்றை முடித்து நிறைவுச் சான்று வாங்குங்கள்.

சப்-கான்ட்ராக்ட் என்றால், மேல் நிறுவனத்துக்குப் பணம் எப்படி வருகிறது என்று கேட்டறியுங்கள். நெடுஞ்சாலைப் பணிகளில் உள்ள ஹைப்ரிட் ஆன்யூட்டி முறையில் அரசு கட்டுமானக் காலத்தில் 40 சதவீதத்தைத்தான் தரும்; எஞ்சிய 60 சதவீதம் சாலை முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தவணையாக வரும். நிறுவனத்தின் வங்கிக் கடன் சுணங்கினால் முதலில் காத்திருப்பது நீங்கள்தான். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருந்தால் 45 நாட்களுக்குள் பணம் பெறும் உரிமை சிறு தொழில் சட்டத்தில் உண்டு. ஆனால் பொருளும் உழைப்பும் கலந்த ஒப்பந்தப் பணி இச்சட்டத்துக்குள் வராது எனப் பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. ஜல்லி வழங்கலுக்குத் தனி ஆர்டர், இயந்திர வாடகைக்குத் தனி ஆர்டர் எனப் பிரித்து வாங்கினால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கும். இப்போதைக்கு நீங்கள் இந்த வழியில் முழுமையாக இறங்காமல், ஒரு சிறு பகுதியை மட்டும் செய்து அந்நிறுவனத்தின் பட்டுவாடா பழக்கத்தைப் பார்ப்பதே நல்லது.

பேக்கேஜ் டெண்டர் திடீரென வெளியாகி உடனே மூடப்படுவதாகத் தோன்றினால், தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவற்ற தன்மைச் சட்டம், 1998-இன் கீழுள்ள விதிகளைப் பாருங்கள். ரூ.2 கோடி வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும்; குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். நீங்கள் கலந்துகொண்ட டெண்டரின் முடிவில் குறை இருந்தால், உத்தரவு கிடைத்த 10 நாட்களுக்குள் பிரிவு 11-இன்படி அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.